அச்சா, அசலா

ஆஸ்பத்திரியில் என் அக்காவை எக்ஸ்ரே அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அதே இருட்டு அறை. வந்தவரை மார்பைப் பலகையோடு ஒட்டி நிற்கச் சொல்லிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்பாள். அத்தான் இறந்த இரண்டாவது வாரமே போய் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். பேசினவர்களுக்கு என்ன தெரியும். அவளுக்கு "பிடிங்க" என்று சொன்னவர் யாரோ, "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாருடைய கட்டடத்திலோ ஏழாவது மாடியில், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய கருவிப் பை ஏழு மாசமாகச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அக்கா அதை எடுத்து வைப்பதுமில்லை, பார்ப்பதுமில்லை. தினமும் இரண்டு வேளை அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள்.

அக்காவுக்கு வேறு எந்தப் பைத்தியமும் கிடையாது, பழைய படங்களைத் தவிர. வேலைக்குச் சேர்ந்த வருஷம் பழைய பேப்பர் கடையில் ஒரு கிழிந்த வைத்தியப் புத்தகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு கையின் எலும்புகள், இருபத்தேழும், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவை. "எக்ஸ்ரேயே இல்லாத காலத்துல எப்படிடி இவ்வளவு சரியா போட்டான்?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் பிடித்தது, பிறகு விடவே இல்லை. செடிகள், மீன்கள், பாய்மரக் கப்பல்கள், எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத துறைமுகங்கள் என்று வீட்டுச் சுவரில் நாற்பத்து மூன்று படங்கள். உட்கார நல்ல நாற்காலி ஒன்று கிடையாது. நானும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

புதுப் படம் வந்தால் வீட்டில் அதற்கு முதலில் எக்ஸ்ரே. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட, எக்ஸ்ரே படம் பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்தாள். காகிதத்தை அதன் மேல் வைத்தால் ஒட்டுப்போட்ட இடம், பூச்சி அரித்த இடம், எல்லாம் தெரிந்துவிடும். ஓரத்தில் தகடு அழுத்திய பள்ளத்தை விரலால் தடவுவாள். கடைசியாக லென்ஸ். பழைய படம் என்றால் கோடு கோடாகத் தெரியும். இன்றைய மிஷினில் நகல் எடுத்தது என்றால் எல்லாம் பொடிப் பொடிப் புள்ளி. அவளிடம் பொய் சொல்லித் தப்பித்த காகிதம் கிடையாது.

இந்த வீட்டின் ராஜா அந்தக் குருவி. ஒரு காய்ந்த கிளையில் தலையைத் திருப்பி உட்கார்ந்திருக்கும் பழுப்புக் குருவி. பதினோராவது கல்யாண நாளுக்கு அத்தான் வாங்கிக் கொடுத்தது. வெயில் பட்டால் நிறம் வெளுத்துவிடும் என்று அக்கா அதைப் படுக்கையறையில், வெளிச்சமே வராத மூலையில் மாட்டினாள். இருக்கிறதிலேயே நல்ல படம் அதுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அத்தான் கேட்பார்: "என்ன, உன் குருவி எப்படி இருக்கு?"

"அச்சு அசல்" என்பாள் அக்கா. நிஜக் குருவி மாதிரியே இருக்கிறதாம். அவர் சிரித்துவிட்டு லிஃப்டைப் பார்க்கப் போய்விடுவார். பத்தொன்பது வருஷம் இதே கேள்வி, இதே பதில். எனக்கே மனப்பாடம்.

போன மாசம் ஒரு நாள், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, படங்களையெல்லாம் கொடுத்துவிடப் போகிறேன் என்றாள்.

"ஏன்க்கா?"

"பார்த்தா ஒண்ணும் தோணலை. செவுரும் அதுவும் ஒண்ணா இருக்கு. எதுக்கு தினம் தூசி தட்டணும்?"

அழுதிருந்தால் பயந்திருக்க மாட்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். சுவரும் காலியாகிவிட்டால் அவளிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று எனக்குப் பட்டது. கெஞ்சினேன், திட்டினேன், கொஞ்ச நாள் என் வீட்டில் வைக்கிறேன் என்றேன். "சும்மா இருடி" என்று குழாயை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லென்ஸ்காரர் வந்தார். பழைய படம் விற்கிறவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கும், அதனால் அந்தப் பெயர். அக்காவின் பாதிச் சுவர் அவர் கடையிலிருந்து வந்ததுதான். அவர் பாஷையில் இரண்டே சொல். பழைய தகட்டில் அடித்தது அசல். புது மிஷினில் எடுத்த நகல் வெறும் அச்சு. எல்லாமே அச்சடித்ததுதானே ஐயா என்று நான் முன்பொரு முறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். அவர் பார்த்து, "அசல்" என்று ஒரு தாளில் கோடு போட்டார். எலும்புக் கை போனது. கப்பல் போனது. அவள் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்து எழுந்த அளவுக்குக்கூட மாற்றமில்லை. நாற்பத்து இரண்டும் முடிந்து, படுக்கையறையிலிருந்து குருவி வந்தது. அவர் லென்ஸை எடுக்கவே இல்லை.

"இது அச்சு" என்றார்.

"தெரியும்" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா சொல்ற?"

"குடுத்த அன்னைக்கே தெரியும். பூரா புள்ளி. அவர் ஆசையா வாங்கிட்டு வந்துருக்கார், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது? இருட்டுல மாட்டினேன்." அதையும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

லென்ஸ்காரர் தாளை மடித்து வைத்தார். எழப் போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மா, இது எங்கிட்ட வாங்கினதுதான். அச்சுன்னு சொல்லித்தான் குடுத்தேன். அசல் அவர் கைக்கு எட்டலை. 'அவ கண்ணு எக்ஸ்ரே கண்ணு, அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சு என் மானத்த வாங்கிருவா, அப்ப எப்பாடு பட்டாவது அசல் வாங்கித் தர்றேன், அதுவரைக்கும் நீங்க மூச்சு விடாதீங்க'ன்னார்."

அக்கா அவரையே பார்த்தாள்.

"மூணு வருஷம் முன்னாடி அசலே வந்துச்சு. ஆள் அனுப்பிச் சொன்னேன். ஓடி வந்தார். கையில வச்சுப் பார்த்துட்டே இருந்தார். அப்புறம் திருப்பிக் குடுத்துட்டார். 'வருஷா வருஷம் கேக்கறேன், அவ வாயத் திறக்க மாட்டேங்கறா. இதுவே அவளுக்குப் பிடிச்சுப்போச்சு போல. இப்ப மாத்தினா வருத்தப்படுவா, இருக்கட்டும்'னு போயிட்டார்."

அக்கா அச்சு அசல் என்றபோதெல்லாம் அத்தான் எந்தப் பாதிக்காகக் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். குருவியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"நீங்க இன்னைக்குப் போங்க" என்றாள் அவரிடம்.

"படங்க?"

"ஒண்ணும் எடுக்க வேணாம். எனக்கு வீட்டுல ஒரு சண்டை பாக்கி இருக்கு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அக்கா படுக்கையறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தாள். ஏழு மாசத்தில் அந்த ஜன்னல் திறந்து நான் பார்க்கவில்லை.

"ஏங்க, வாயத் திறந்து சொன்னா என்ன? பத்தொம்பது வருஷம்! நான்தான் சொல்லலை, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

குரல் ஏறிக்கொண்டே போய் உடைந்தது. நான் உள்ளே போகக் காலெடுத்து, நிறுத்திக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.