பன்னிரண்டால் பெருக்கிய பாவம்

போன வியாழக்கிழமை. திருவள்ளூரிலிருந்து பட்டணம் போகும் காலைப் பாசஞ்சர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"சார், நாம ஏழைன்னு காலேஜ்ல எப்படி சார் நிரூபிக்கிறது?"

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். மகனுக்கு பி.காம். சீட் கிடைத்திருக்கிறது. மடியில் ஒரு பழுப்புக் கவர். பாவம், ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார். ஒரு தனியார் கல்லூரியில் ஃபீஸ் சலுகைப் பிரிவில் அறுபத்து நாலிலிருந்து குப்பை கொட்டுகிற குமாஸ்தாவிடம் இதைக் கேட்கலாமோ? பேசின் பிரிட்ஜ் வருகிற வரை நான் வாயை மூடவில்லை.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் உதவும்.

காலேஜில் முதல் வருஷமான பி.யூ.சி. வரை சர்க்கார் புண்ணியத்தில் ஃபீஸ் இல்லை. பட்டப் படிப்பு என்று வந்தால்தான் ஃபீஸ் கழுத்தைப் பிடிக்கும். அப்போது கை கொடுக்க சர்க்கார் ஸ்காலர்ஷிப் உண்டு. நிச்சயம் வரும்... ஜூனில் கட்டவேண்டிய ஃபீஸுக்கு மாசி மாதத்தில் வரும். பெரிய மனிதர்கள் தங்கள் தகப்பனார் பெயரில் வைத்துவிட்டுப் போன அறக்கட்டளைப் பணம் உண்டு. எங்கள் கல்லூரியில் ஒன்று இருக்கிறது – தகப்பன் இல்லாத, சம்ஸ்கிருதம் படிக்கிற, நெல்லூர் ஜில்லாவில் பிறந்த மாணவனுக்கு மட்டும் கொடுக்கவேண்டும் என்று உயில். நான் வேலைக்குச் சேர்ந்த நாளாக அப்படி ஒரு பையன் வரவே இல்லை. பணம் பாங்கியில் பத்திரமாகத் தூங்குகிறது.

மிஞ்சுவது கல்லூரி நிர்வாகம் கொடுக்கும் ஃபீஸ் சலுகை. முழுச் சலுகை சிலருக்கு, அரைச் சலுகை சிலருக்கு. மார்க் வேண்டும். அதைவிட முக்கியம், வருமானச் சான்று. நிலம் வைத்திருப்பவர் என்றால் ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் எழுதி, தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். சம்பளக்காரர் என்றால் கம்பெனி கொடுக்கும் சம்பள ஸ்லிப். வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் நீங்கள் ஏழை. ஒரு ரூபாய் தாண்டினாலும் இல்லை.

இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அல்லது, அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்... ஏசுபாதமும் அவர் மகளும் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிற வரை.

ஆறேழு வருஷம் இருக்கும். பவர் கட் பாடாய்ப் படுத்திய வருஷத்துக்கு அடுத்த ஜூன். முழுச் சலுகை லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு வந்து, அரைச் சலுகை லிஸ்டுக்கு டைப்ரைட்டரில் பேப்பரைச் செருகினேன். எதிரே நிழல் தட்டியது. காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில் ஒன்றில் வேலை என்று சட்டைப் பையில் குத்தியிருந்த பாட்ஜ் சொன்னது. பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண்.

"சார், நான் ஏசுபாதம். இது எம் பொண்ணு சாராள். பி.எஸ்ஸி. கணக்குல சீட்டு குடுத்துக்கிறீங்க. சலுகைக்கு எழுதிப் போட்டோம். லிஸ்டுல பேரக் காணோம்."

பேரைச் சொன்னதுமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பி.யூ.சி. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நான்தான் சிவப்புப் பென்சிலால் 'தகுதி இல்லை' என்று எழுதியிருந்தேன்.

"உங்க சம்பளம் வரம்பைத் தாண்டறது. மே மாச ஸ்லிப் வெச்சிருக்கீங்களே, அதைப் பன்னெண்டால பெருக்கினா எங்கேயோ போறது."

"அது ஓவர்டைம் பாத்த மாசம் சார்."

"அதுக்கு நான் என்ன பண்ண? ஸ்லிப்பிலே இருக்கறதைத்தானே பார்க்க முடியும்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்த லிஸ்டுல மூணாவது பேரு எங்க ஊரு ரைஸ் மில்லுக்காரர் பையன் சார். ஆரணி பக்கம் அவுங்களுக்கு நெலமும் கீது. எங்கப்பாரு அவுங்க கழனிலதான் கூலி. நானும் செஞ்சேன், இரும்பு மில்லுல பர்மனென்ட் ஆவுற வரிக்கும். அவரு ஏழை... நான் பணக்காரனா சார்?"

ரைஸ் மில்காரருடைய சான்றிதழில் தாசில்தார் கையெழுத்து இருந்தது, சீல் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. நிஜம் ஒன்றைத் தவிர.

"எனக்குப் பேப்பர்தான் தெரியும்" என்றேன். பிறகு, என்னவோ நல்லது செய்கிற நினைப்பில், "ஹரிஜன ஸ்காலர்ஷிப்புக்குப் போட்டுப் பார்த்தேளா?" என்று கேட்டேன்.

"நாங்க கிறிஸ்துவங்க சார். எங்களுக்கு இல்லன்ட்டாங்க. சேரி அதே சேரிதான். சர்ச்சுக்குப் போறதால எவனும் எங்கள வேற பேரு வெச்சுக் கூப்புடல."

நான் டைப்ரைட்டர் பக்கம் திரும்பினேன். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். குமாஸ்தாக்களின் பாஷை அது.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் அந்தப் பெண்.

அதுவரை வாயைத் திறக்காதவள். விண்ணப்பப் பாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சடித்திருந்த இங்கிலீஷ் விதிகளில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுல போன வருஷத்து மொத்த வருமானம்னுதானே சார் போட்டிருக்கு? ஒரு மாசத்த பன்னெண்டால பெருக்கணும்னு எங்கயும் இல்லியே."

"அதெல்லாம் ஒண்ணுதாம்மா."

"எப்படி சார் ஒண்ணாவும்? எல்லா மாசமும் ஒரே சம்பளம்னாத்தான் ஒண்ணு."

"விடு சாராளு" என்றார் தகப்பனார்.

"இரு நைனா. போன வருஷம் பவர் கட்டுல மில்லு மூணு மாசம் மூடிக் கெடந்தது சார். சம்பளமே இல்ல. அத எங்க சார் பெருக்கினீங்க?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். 'கடந்த ஆண்டில் ஈட்டிய மொத்த வருமானம்' – இங்கிலீஷில் அவ்வளவுதான் இருந்தது. பன்னிரண்டு இல்லை, பெருக்கல் இல்லை. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் பெருக்கினார், நானும் பெருக்கினேன். எட்டு வருஷம்.

காது சூடாகிவிட்டது. ஆனால் குமாஸ்தா அவ்வளவு சுலபமாக விழுவானா?

"சரி, அப்போ பன்னெண்டு மாச ஸ்லிப்பும் கொண்டு வாங்க. சனிக்கிழமை மூணு மணிக்குள்ளே. அதுக்கப்புறம் ஃபீஸ் கட்டாத சீட்டெல்லாம் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போயிடும்."

வெள்ளிக்கிழமை ஏசுபாதம் மட்டும் வந்தார். ஒன்பது ஸ்லிப் வைத்தார்.

"மீதி மூணு?"

"வராத சம்பளத்துக்கு ஏது சார் ஸ்லிப்பு?"

நியாயம்தான். ஆனால் அந்த மூன்று மாதம் அவர் சம்பளம் வாங்கவில்லை என்பதற்கு எனக்கு ஒரு பேப்பர் வேண்டும். ஒளித்து வைத்துக்கொண்டு இல்லை என்கிறவர்களையும் நான் பார்த்தவன்தான்.

"கம்பெனியில ஒரு லெட்டர் வாங்கிண்டு வாங்களேன். மூடியிருந்ததுன்னு ரெண்டு வரி."

"கேட்டுட்டேன் சார். எழுதிக் குடுத்தா அந்த மூணு மாசத்துக்கு நீங்கள்லாம் காசு கேப்பீங்கன்னு சொல்லிக்கினு, மேனேஜரு கையெழுத்துப் போட மாட்டன்றாரு. ரெண்டு நாளா நடக்குறேன். பேஜாராப் போச்சு."

அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. "நாளைக்கு மூணு மணி வரை டயம் இருக்கு" என்றேன். எனக்கே அது அசட்டுத்தனமாகக் கேட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வராது என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார்கள். அப்பாவும் பெண்ணும். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை ஏசுபாதம் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். தடித்துப்போன ஒரு காகிதம். பின்னால் காய்ந்த பசை, ஓரத்தில் சுண்ணாம்புச் சில்லு.

மில் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ். மின்வெட்டு காரணமாக இந்தத் தேதி முதல் மறு அறிவிப்பு வரை ஆலை மூடப்படுகிறது, தொழிலாளர்களுக்கு இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது... கீழே மேனேஜர் கையெழுத்து, மில் சீல். அதன் கூடவே, மூன்று மாதம் கழித்து ஆலை திறக்கிறது என்று இன்னொரு நோட்டீஸ்.

"எங்கே கிடைச்சது?"

"கேட்டுலயேதான் சார். புதுசு புதுசா மேல ஒட்டிக்கினே இருப்பாங்க, பழச எவனும் கிழிக்க மாட்டான். காலைல ஷிப்டு மாறுற நேரத்துல, தண்ணியத் தொட்டுத் தொட்டு உரிச்சேன். மேல இருந்தத திரும்ப ஒட்டிட்டேன்."

"யாராவது பார்த்தா?"

"மெமோ குடுப்பான். வேலயே போனாலும் போவும். அதனாலதான் சார், இத நான் உங்கைல உட்டுட்டுப் போவ முடியாது. பாத்துட்டுக் குடுத்துடுங்க. திங்கக்கெழம அதே எடத்துல ஒட்டணும்."

சாராள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் விஷயம் முழுதாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

டைப்ரைட்டரில் இன்னும் முடியாமல் இருந்த அரைச் சலுகை லிஸ்டை உருவிப் போட்டுவிட்டு, அந்த இரண்டு நோட்டீஸையும் நானே டைப் அடித்து நகல் எடுத்தேன். ஒன்பது ஸ்லிப்பையும் கூட்டினேன். சாராள் எதிரே நின்று மனக்கணக்காகவே கூட்டி, நான் முடிப்பதற்குள் விடையைச் சொன்னாள். வரம்புக்கு உள்ளேதான். தாராளமாக உள்ளே.

பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பர்சார் அறைக்குப் போனேன். பர்சார் என்றால் கல்லூரியின் பணப் பொறுப்பு முழுதும் கையில் வைத்திருப்பவர். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் சனிக்கிழமை மத்தியானம் பிடிக்காது.

"இத்தனை வருஷமா இப்படித்தானேய்யா பண்ணிண்டிருக்கோம்" என்றார்.

"தப்பாப் பண்ணிண்டிருக்கோம் சார். தப்பு என்னுது."

"இப்ப ஒருத்தருக்கு மாத்தினா எத்தனை பேர் வருவான், தெரியுமா?"

"இந்த வருஷம் இன்னும் ஏழு பேர் சார். எல்லாம் மில் ஸ்லிப், என்ஜினீயரிங் கம்பெனி ஸ்லிப். இங்கே வர்றதுக்கு முன்னாலே விண்ணப்பக் கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டேன்."

அவர் நோட்டீஸின் பின்பக்கத்தைத் திருப்பி அந்தப் பசையைத் தடவிப் பார்த்தார். பிறகு நகலில் 'சரியான நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முழுச் சலுகை தீர்ந்துபோச்சு. அரைதான் இருக்கு. அந்த ஏழு பேருக்கும் நீயே லெட்டர் போடு."

ரைஸ் மில்காரர் பையனின் முழுச் சலுகை? அது அப்படியேதான் இருந்தது. பேப்பர் சரியாக இருந்ததே... அதை அசைக்க எனக்கும் வழி தெரியவில்லை, பர்சாருக்கும் தெரியவில்லை. கதையில் என்றால் அவன் மாட்டிக்கொண்டிருப்பான். கல்லூரியில் பி.ஏ. முடித்தான்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் தர முடிந்தது என்று சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. ஏசுபாதம் காக்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பாதி போதும் சார். மீதிக்கு நான் கீறேன். எங்க ஊட்ல காலேஜுக்குப் பாதி ஃபீஸ் கட்ற மொத ஆளு நான்தான்."

இரண்டே கால் மணிக்குப் பணம் கட்டினார். நோட்டீஸைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டார். சாராள் என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. "பாரத்துல இத முன்பக்கமே போட்டுருங்க சார், எல்லாரும் படிப்பாங்க" என்றாள். அடுத்த வருஷம் போட்டேன், பெரிய எழுத்தில், தமிழிலும்.

ஏழு பேருக்கும் லெட்டர் எழுதினேன். மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் வேறு எங்கோ சேர்ந்துவிட்டதாகப் பதில் போட்டார்கள். ஒரு பையன் தகப்பன் வேலை செய்த கம்பெனியிலேயே ஹெல்ப்பராகச் சேர்ந்துவிட்டான், இனி வரமாட்டான் என்று அவன் அம்மாவுக்காக யாரோ எழுதியிருந்தார்கள். ஒரு லெட்டர் விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது.

அதற்கு முந்தைய வருஷங்களின் கட்டுகள் ரெக்கார்டு ரூமில் இருக்கின்றன. நான் பிரிக்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் வாராவாரம் அலட்டிக்கொள்கிறவன், அந்த ஒரு அலமாரியைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடப்பேன்.

சாராளுக்கு இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் முழுச் சலுகை கிடைத்தது. பி.எஸ்ஸி. முதல் வகுப்பு, பிறகு பி.எட். இப்போது பொன்னேரிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏசுபாதம் மட்டும் வருஷம் தவறாமல் ஜூனில் வருகிறார். மில்லில் கூட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்காக. ஸ்லிப்புகளை மாத வரிசையில் அடுக்கி, குண்டூசி குத்தி, மூடிய மாதங்களுக்கு நோட்டீஸ் நகலும் வைத்து... என் வேலையில் பாதியை அவரே செய்துவிடுகிறார். இந்த வருஷம் பதினோரு பாரம். ஒன்றில்கூட நான் திருத்த எதுவும் இல்லை.

ஆகவே, பாரம் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் படித்திருப்பான் என்று நம்பாதீர்கள்.

எட்டு வருஷம் விதியைப் படிக்காமலே விதி பேசிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன் – அந்த வருமானத்துக்கு இதுவரை யாரும் என்னிடம் சான்று கேட்டதில்லை.