சுவரில் நிற்கும் மீன்காரி

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, நாத்தனார் விட்டுப்போன மூன்றையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழு பேருக்கும் ஞானஸ்நானம் எங்கள் குப்பத்துக் கோயிலில்தான். அங்கே பீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் ஒரு மீன்காரி நிற்கிறாள். இடுப்பில் ஒரு கை, கக்கத்தில் கூடை, யாரையோ திட்டத் திறந்த வாய். அவள் என் மாமியார். நாளை மறுநாள் திங்கட்கிழமை அவள் முகத்தின் மேல் டைல்ஸ் ஒட்டப் போகிறார்களாம்.

துறைமுகத்துக்கும் முந்தைய கோயில் அது. கூரையைத் தாங்கும் உத்தரம், கரையில் உடைந்த பாய்மரக் கப்பலின் மரம். அண்ணாந்து பார்த்தால் கயிறு ஓடித் தேய்ந்த பள்ளம் இன்னும் தெரியும். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு அரைத்தது எங்கள் பெண்கள் என்று மாமியார் சொல்வார். வாசல் கல்லில் இருப்பதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர். "அரைச்சவ பேரை எவன்டி கல்லுல வெட்டுவான்" என்பார்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், தண்டையார்பேட்டையில் கடைப் பலகை எழுதுகிறவர் ஒருவர் அந்தச் சுவரில் படம் எழுத வந்தார். ஏசு சொன்னபடி சீடர் இராயப்பர் கலிலேயக் கடலில் வலை வீச, வலை கிழியும் அளவுக்கு மீன் விழுந்த காட்சி. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வரும் வழியில் மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இவரு வலை இழுக்குறாரா, பொடவை காயப்போடறாரா?"

மறுநாள் மீனைப் பிடித்துக்கொண்டார். "இது கெண்டைபா. கடல்ல ஏது கெண்டை?"

பக்கத்தில் நின்ற பங்குச் சாமியார் சிரித்தார். "அம்மா, கலிலேயாங்கறது நெசத்துல ஏரி."

"பூசையில கலிலேயக் கடல்னுதான சாமி படிச்சீங்கோ? ஞாயித்துக்கெழம கடலு, திங்கக்கெழம ஏரியா?"

ஓவியர் கெண்டையை அழித்துவிட்டு வஞ்சிரமும் சங்கராவும் எழுதினார். தினமும் திட்டு வாங்கிய மனிதர், கடைசியில் கரையோரமாக மாமியாரையே நிறுத்திவிட்டுப் போனார். அதே கறுப்பு, அதே மூக்குத்தி.

அப்போதெல்லாம் மீன்கூடையோடு வருகிற பெண்கள் வெளித் தாழ்வாரத்தில் நின்றுதான் பூசை காண வேண்டும். வாடையாம். மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பெண்கள் முன்னால் உட்காருவார்கள். படம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் கூடையோடு நேரே அந்தச் சுவரடிக்குப் போய் உட்கார்ந்தார். எழுந்து போகச் சொன்னார் மணியடிக்கும் கோயில்பிள்ளை. மாமியார் சுவரைக் காட்டினார்.

"மொதல்ல அவளை வெளியே தள்ளு. அப்பால நான் போறேன்."

அடுத்த வாரம் எல்லாக் கூடைகளும் உள்ளே வந்தன. இன்றுவரை அது எங்கள் இடம்.

இப்போது கோயிலைப் புதுப்பிக்க ஒரு கமிட்டி. ஏசி வருகிறதாம், ஏசியில் வாடை தங்குமாம், அதனால் கூடை மறுபடி தாழ்வாரத்துக்கு. படத்தை ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். கமிட்டியில் படித்த பிள்ளை ஒருவன் எனக்குப் பாடம் எடுத்தான்.

"ஆயா, கலிலேயாவுல வஞ்சிரமே கெடையாது. அந்த எடத்துல வேதத்துல பொம்பளையும் கெடையாது. படமே தப்பு."

தப்பா? படகு முழுகும் அளவுக்கு மீன் பிடித்தார்கள். கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏசுவின் பின்னால் போய்விட்டார்கள் என்று அதே வேதம்தானே சொல்கிறது? அந்த மீனை அள்ளியது யார்? வெயிலில் கூவி விற்றது யார்? பெண்ணே இல்லையாம்! அதற்கு முந்தின அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். இராயப்பரின் மாமியார் காய்ச்சல் விட்டதும் எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்கிறாள். அப்படிப்பட்டவள், மருமகன் மீனைப் போட்டுவிட்டுப் போனால் கரைக்கு வந்து இடுப்பில் கைவைத்து இரண்டு கேள்வி கேட்டிருக்க மாட்டாளா? எங்கள் ஓவியர் எழுதியதுதான் சரி.

திங்கட்கிழமை விடியும்போது கூடையோடு அந்தச் சுவரடியில் இருப்பேன். டைல்ஸ் ஒட்ட வருகிறவர்கள் கூலிக்கு வருகிறவர்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கமிட்டி வரட்டும். என்னைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுச் சுவரைத் தொடட்டும்.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதியவள் பேத்தி. நாளைக்குப் பூசை முடிந்ததும் எல்லார் எதிரிலும் இதைப் படிக்கப் போகிறவளும் அவள்தான்.

எங்கே கண்ணு, மொதல்லேர்ந்து ஒரு தபா படி. உக்காந்துகினு படிக்காத. எந்திரி. இடுப்புல கைய வச்சிகினு படி.