பூட்டிய வீடுகளை நீக்கினேன்

மலை என்றால் எனக்குப் படத்தில் பார்த்ததுதான். ஆனாலும் கனடாவின் அஜக்ஸில் ரயிலேறி டொரொன்ரோ அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, நேபாள மலைக் கிராமங்களில் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நடக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. வீடு வீடாகக் கேட்ட கேள்விகளிலிருந்து ஊற்றுகளின் நிலையை அறிந்துவிடலாம் என்பது எங்கள் நம்பிக்கை.

ஒரே வீடுகளில் சில வருட இடைவெளியில் இரண்டு தடவை கேட்டிருந்தார்கள். இரண்டாம் தடவை பூட்டிக்கிடந்த வீடுகளை அந்தத் தடவைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் இரண்டு சராசரிகளையும் ஒப்பிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் செய்தேன். அட்டவணையின் கடைசியில் குறிப்புகளுக்கென்று ஒரு நிரல் இருந்தது. நேபாளி எழுத்துகள் என் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அதையும் அழித்தேன். தமிழ் எழுத்து அப்படி வந்தால் மட்டும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒரு கிராமத்தில் தண்ணீருக்கு நடக்கும் சராசரி நேரம் நன்றாகக் குறைந்திருந்தது. சந்தோஷமாக அறிக்கையில் எழுதினேன். அதைப் பார்த்து, குழாய் போடும் பட்டியலிலிருந்து அந்தக் கிராமத்தை எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள், அங்கே கணக்கெடுத்தவர் வீடியோ அழைப்பில் வந்தார். குறிப்பை வாசிக்கவில்லையா என்று பணிவாகக் கேட்டார். மேல் ஊற்று வற்றிவிட்டதாம். ஆகக் கூடுதலாக நடந்த மேட்டு வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். மிஞ்சியது கீழ் ஊற்றுக்குப் பக்கத்து வீடுகள்தான், அதனால்தான் சராசரி குறைந்தது, அந்த ஊற்றும் மெலிந்து வருகிறது என்றார்.

மேலாளரிடம் ஓடினேன். அவர் ஏசவில்லை. பட்டியல் முடிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது, வேண்டுமானால் ஓர் அடிக்குறிப்பு சேர்க்கலாம் என்றார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

“கதவு பூட்டியிருந்தா, ஏன் பூட்டினவை எண்டு நீர் யோசிக்கேல்லையோ? நாங்களும் ஊரில வீட்டைப் பூட்டிப்போட்டு வந்த ஆக்கள்தானே.”

“ஓம்” என்றேன்.

அடுத்த நாள் அடிக்குறிப்பை எழுதினேன்: ‘ஆளில்லாத வீடுகள் ஒப்பீட்டில் சேர்க்கப்படவில்லை.’ இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பின்னேரமாகிவிட்டது.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது கணக்கெடுத்தவரின் மின்னஞ்சல் வந்திருந்தது. இந்தத் தடவை ஆங்கிலத்தில், எனக்கு விளங்கும்படி எழுதியிருந்தார். குழாய் எப்போது வரும் என்று கிராமத்தவர்கள் கேட்கிறார்களாம்.

நான் இன்னும் பதில் எழுதவில்லை.