தண்ணீர் வண்டியும் மூன்று ஷிப்ட் சாவியும்: உத்தனப்பள்ளி பக்கம் ஒரு பயணம்

கொளுத்தும் ஏப்ரல் கடைசியில் ஒருத்தி ஊட்டிக்குப் போவாள், ஏற்காட்டுக்குப் போவாள். நீ ஏன் ஒரு தகரக் கொட்டகையைப் பார்க்க ஓசூர் பக்கம் போகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் ஆத்தூர் பக்கம். அங்கே ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன். பதவி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. எங்கள் தெருவில் போன கோடையில் இரண்டு கூரை வீடுகள் எரிந்தன. தீயணைப்பு வண்டி வரத்தான் செய்தது. வருவதற்குள் எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் பள்ளித் தோழி செல்வி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள்தான் போனில் சொன்னாள்: "இங்க உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு ஊருல, ஊராட்சியே தீயணைக்கத் தண்ணி வண்டி வெச்சிருக்காங்கடி. மே ஒண்ணாந்தேதி கிராம சபையும் இருக்குது. முந்தின நாளே வந்துரு, ரெண்டையும் பாத்துரலாம்." கிளம்பிவிட்டேன். ஊரின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்று படிக்கப் படிக்கத் தெரியும்.

போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு ஆத்தூரில் பஸ் ஏறினேன். சேலம், தருமபுரி, பிறகு பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் பஸ். மூன்று பஸ்ஸுக்கும் சேர்த்து நூற்று அறுபது ரூபாய் ஆனது. கிருஷ்ணகிரி சுற்றி நான்கு வழிச்சாலையில் போனால் சொகுசு அதிகம், ஆனால் எனக்கு ராயக்கோட்டை வழிதான் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, தக்காளித் தோட்டம், பாறைக் குன்றுகள். குன்றுகளில் புல் காய்ந்து பழுப்பாக நின்றது. ஒரு குன்றின் சரிவு முழுக்கக் கருகிக் கிடந்தது. கண்டக்டரிடம் கேட்டேன். "அது வருசா வருசம் எரியறதுதாங்க்கா. யாராச்சும் பீடியப் போட்டுட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கொடுக்கப் போய்விட்டார்.

உத்தனப்பள்ளியில் இறங்கும்போது மதியம் பன்னிரண்டு. அங்கிருந்து ஓசூர் சுமார் இருபது கிலோமீட்டர். செல்வி லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டியில் காத்திருந்தாள். ஊர் உள்ளே நான்கு கிலோமீட்டர். வழியெல்லாம் அவள் எனக்குக் கணக்கு விளக்கிக்கொண்டே வந்தாள்.

பயணக் கட்டுரையில் வரிக் கணக்கு எதற்கு என்று முகம் சுளிக்காதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். தீயணைப்புத் துறை மாநில அரசுடையது. ஊராட்சி அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, நாம் கூப்பிட்டாலும் கட்டணம் இல்லை. ஆனால் நிலையங்கள் நகரத்தில் இருக்கின்றன. வண்டி வரும்வரை ஊர்தான் சமாளிக்க வேண்டும். வண்டி வந்து தண்ணீர் தீர்ந்தால் மறுபடி நிரப்ப ஊரில்தான் தண்ணீர் வேண்டும். தொழிற்சாலை தன் எல்லைக்குள் இருக்கும் ஊராட்சிக்குச் சொத்து வரி, தொழில் வரி என்று வருமானம் உண்டு. இந்த ஊரிலோ ஒரு தொழிற்சாலையும் இல்லை, தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்தில் பிடிக்கிற தொழில் வரி, தொழிற்சாலை நிற்கிற ஊராட்சிக்குப் போய்விடும். வேர்வை ஓர் ஊருக்கு, வரி இன்னோர் ஊருக்கு. கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது.

அதனால் இவர்கள் ஒட்டுப்போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். கோடையில் குடிதண்ணீர் கொண்டுபோக ஊராட்சிப் பொது நிதியில் ஒரு டேங்கர் டிரெய்லர் வாங்கியிருந்தார்கள். ஒரு தொழிற்சாலை தான் கழித்த நீரேற்றும் பம்பைக் கொடுத்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு இரண்டு பங்கு போடும் திட்டத்தில், மேல்நிலைத் தொட்டியின் அடியில் தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்க ஒரு பெரிய குழாயும், டிரெய்லருக்கு ஒரு தகரக் கொட்டகையும் கட்டினார்கள். இழுப்பதற்கு ஊரில் டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் முறை போட்டுக்கொண்டார்கள். தீயை எப்படி அடிப்பது என்று தொழிற்சாலைகளில் பயிற்சி பெற்ற பத்துப் பன்னிரண்டு பேர் ஊரிலேயே இருந்தார்கள்.

இனிதான் விஷயம். பம்பும் டிரெய்லரும் ஊராட்சிச் சொத்து. தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள் என்று கொட்டகைக்குப் பெரிய பூட்டுப் போட்டாயிற்று. சாவி யாரிடம் இருப்பது? பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஆகவே சாவியும் ஷிப்டு பார்க்கிறது. ஊர் முக்கில் ஒரு பேக்கரி. கம்பெனி பஸ் அங்கேதான் நிற்கும். இறங்குகிறவர் ஏறுகிறவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்வார். மூன்று வேளையும் இப்படி. மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையில் கோத்த அந்தச் சாவி எவர் இடுப்பில் இருக்கிறதோ, அவர் அந்த எட்டு மணி நேரம் ஊரை விட்டு நகர மாட்டார். இதை யோசித்து ஏற்பாடு செய்தவர் முனிராஜ். பரம்பரையாகக் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, இப்போது மிஷின் ஆபரேட்டராக இருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து கொட்டகையைத் திறந்து காட்டுவதாகச் செல்வியிடம் சொல்லியிருந்தார்.

இரண்டரைக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். முனிராஜ் இல்லை. மறுநாள் மே தின விடுமுறை என்பதால் ஆள் பற்றாமல் அவரை அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்திக்கொண்டார்களாம். "சாவி?" என்று செல்வி கேட்டாள். இறங்கியவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்தார். காலையில் முனிராஜ் ஷிப்டு பஸ்ஸில் ஏறும்போது அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் திருவிழாவுக்குச் சிங்காரப்பேட்டை போய்விட்டாராம். "அண்ணன் அவசரத்துல அப்படியே ஏறிட்டாருங்க. சாவி அவரு பேன்ட்டுல இருக்குது. பேன்ட்டு கம்பெனி லாக்கர்ல இருக்குது." போன் செய்யலாமென்றால் செல்போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்கு வந்ததே எரிச்சல்! நூற்று அறுபது ரூபாய் செலவு செய்து ஒரு பூட்டைப் பார்க்கவா வந்தேன்?

கொட்டகைக்கு எதிர்வீடு ரத்னம்மாவுடையது. ஐம்பது வயதிருக்கும். வெயிலில் நிற்கிறோமே என்று கூப்பிட்டு மோர் கொடுத்தார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மாடுகளிடம் கன்னடம். "ஏன் மாட்டுக்கிட்ட மட்டும் கன்னடம்?" என்றேன். "அதுங்க கர்நாடகாப் பக்கம் ஆனேக்கல் சந்தையில வாங்கினதுங்கம்மா. அவங்க பாஷை பேசுனாத்தான் மதிக்குது." இரண்டு கறவை மாடுகள். தினமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார், அதுதான் வருமானம். வீட்டுக்குப் பின்னால் கேழ்வரகுத் தாள் போர் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அடுத்த அறுவடை வரை மாடுகளுக்கு அதுதான் தீனி. போருக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

மூன்று மணி தாண்டியிருக்கும். பக்கத்து மாந்தோப்பில் யாரோ சருகைக் கூட்டிக் கொளுத்தியிருக்கிறார்கள். காற்று திரும்பியது. முதலில் வாசனைதான் வந்தது. ரத்னம்மா எழுந்து பின்பக்கம் ஓடினார். "நீள்ளு! நீள்ளு!" என்று தெலுங்கில் தண்ணீர் கேட்டு அவர் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. போரின் ஒரு மூலை பற்றிக்கொண்டுவிட்டது.

செல்வி உடனே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். கிளம்பிவிட்டோம், அரை மணி ஆகும் என்றார்கள். குடங்களோடு பெண்கள் ஓடிவந்தார்கள். டிராக்டர் முறைக்காரரான தக்காளி விவசாயி வண்டியோடு இரண்டே நிமிடத்தில் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே நிரப்பிய டேங்கர். வெளியே பூட்டு. எல்லோரும் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உடைச்சிரலாமா?" என்றார் ஒருவர்.

"கவுருமென்ட்டு பூட்டுப்பா. நாளைக்கு கேஸுன்னு வந்தா எவன் நிக்கறது?"

தலைவர் இருந்தாலாவது அவர் வாய்வார்த்தை போதும். பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி ஓடுகிற காலம். ஊராட்சிச் செயலருக்குப் போன் போட்டார்கள். அவர் பாவம், "நான் உடைக்கச் சொன்னேன்னு வேணாம்... பாத்துப் பண்ணுங்க" என்று இழுத்தார். அந்த இழுவையில் எனக்கு ரத்தம் கொதித்தது. ஐந்து வருடம் இதே மாதிரி இழுவைகளைக் கேட்டவள் நான். "உடையுங்கள், நான் சாட்சி சொல்கிறேன்!" என்று கத்தினேன். வெளியூர்க்காரி சாட்சி எவருக்கு வேண்டும்? ஒருவரும் அசையவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரத்னம்மா வந்தார், கையில் கடப்பாறை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நான்கு போடு போட்டார். பூட்டு அப்படியே இருந்தது, கொண்டி பெயர்ந்து விழுந்தது. அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டிரெய்லரை மாட்டினார்கள். பம்பை இயக்கியது செல்வி, அவள் கம்பெனியில் அவளுக்கும் பயிற்சி உண்டு. "போர விடுங்க! கொட்டாய் மேல அடிங்க!" என்று அவள் கத்த, இரண்டு பெண்கள் ஹோஸைப் பிடித்து மாட்டுக் கொட்டாயின் கூரையை நனைத்தார்கள். கண்ணெதிரே போர் எரிகிறது, அதை விட்டுவிட்டு எரியாத கூரைக்குத் தண்ணீரா என்று ரத்னம்மாவுக்கு ஆத்திரம். பம்பை நோக்கிப் பாய்ந்தவரை நான்தான் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சொன்னபடியே அரை மணியில் தீயணைப்பு வண்டி வந்தது. அதற்குள் போரில் முக்கால்வாசி போய்விட்டது. மாடுகள், கொட்டாய், வீடு மூன்றும் தப்பின. தொட்டிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தணல் அடங்கும்வரை வீரர்கள் நின்று வேலை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் ரத்னம்மாவிடம் சொன்னார்: "அம்மா, கொட்டாய நனைச்சது நல்லதாப் போச்சு. இல்லன்னா நாங்க வர்றதுக்குள்ள மாடு ரெண்டும் போயிருக்கும்." ரத்னம்மா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவு ஓசூரில் செல்வி வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கிராம சபை. ஊராட்சி அலுவலக வாசலில் சாமியானா, எல்லோருக்கும் தேநீர். முனிராஜ் அங்கேதான் எனக்கு அறிமுகமானார். ஒல்லியான ஆள், இரண்டு ஷிப்டு பார்த்த கண்கள் சிவந்திருந்தன. எழுந்து, மஞ்சள் பட்டைச் சாவியை மேசையில் வைத்தார். "என்னாலதான் போச்சுங்க. வேற ஆளப் போட்டுக்கங்க." அந்த ஏற்பாட்டையே உண்டாக்கிய மனிதர் அவர். எனக்கு முந்தின நாள் எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

செயலர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புதுக் கொண்டி போட வேண்டும், அரசுச் சொத்து பூட்டில்தான் இருக்க வேண்டும் என்றார். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. பம்பு காணாமல் போனால் அவர் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். அப்போது ரத்னம்மா எழுந்தார். முந்தின நாள் புகை இன்னும் அவர் சேலையில் வீசியது.

"பூட்டுனா திருடன் வரமாட்டான், சரிங்க. நெருப்பு சாவி வர்ற வரைக்கும் வெளிய நிக்குதுங்களா? எதிர்ல நான் இருக்கறேன். பம்ப எவன் தூக்கறான்னு நான் பாத்துக்கறேன். திறந்தே கெடக்கட்டும்."

கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு கைதட்டினார்கள். கொட்டகைக்குப் பூட்டு வேண்டாம், பம்பை மட்டும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுவது, தேவைப்படும்போது ஸ்பானரால் கழற்றிக்கொள்வது என்று ஒருவர் யோசனை சொன்னார். செல்வி விடவில்லை. "ஸ்பானர் யாரு பேன்ட்டுல இருக்கும்?" என்று கேட்டதும் கூட்டமே சிரித்துவிட்டது, முனிராஜும்தான். கடைசியில் பூட்டில்லாமலேயே தீர்மானம் போட்டார்கள். எரிந்த போருக்கு ஈடு கொடுக்க ஊராட்சியில் வழியில்லை என்றார் செயலர். கூட்டம் கலைவதற்குள் முனிராஜ் தன் அண்ணன் வீட்டுப் போரிலிருந்து ஒரு டிராக்டர் தாள் இறக்க ஏற்பாடு செய்துவிட்டார். இன்னும் நான்கைந்து வீடுகளும் சேர்ந்துகொண்டன. மழைக்காலம் வரை தாங்குமா என்று ரத்னம்மாவைக் கேட்டேன். "மாட்ட விக்க வேண்டாம்ல, அது போதும்" என்றார்.

இதேபோல் உங்கள் ஊரிலும் செய்ய நினைத்து, இதை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிராம சபை நாளாகப் பார்த்துப் போங்கள், எல்லோரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம். ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளிக்குப் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் உண்டு. அங்கே இறங்கி, தண்ணி வண்டி வைத்திருக்கிற ஊர் என்று கேட்டால் வழி சொல்வார்கள். ஊர் முக்குப் பேக்கரியில் தேங்காய் பன் நன்றாக இருக்கிறது, டீ சுமார்தான். புதிதாகச் செலவு செய்யும் முன் உங்கள் ஊராட்சியில் ஏற்கெனவே இருக்கிற டிரெய்லர், தொட்டி, குழாய் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தொட்டியின் அடியில் பெரிய குழாய் வைப்பதென்றால் முதலில் தீயணைப்பு நிலையத்தில் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் சருகு கொளுத்துவதை எந்தத் தீர்மானமும் முழுதாக நிறுத்திவிடாது, ஆனால் போரையும் கொட்டாயையும் தள்ளிப் போடச் சொல்லலாம்.

போன வாரம் செல்வி போன் செய்தாள். பூட்டு இல்லாவிட்டாலும் சாவி மட்டும் இன்னும் பேக்கரி முன்னால் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறதாம். அதை வைத்திருப்பவர் ஊரை விட்டு நகரக் கூடாது என்ற வழக்கத்தை விட அவர்களுக்கு மனமில்லை. கம்பெனியில் யாரையாவது கூடுதல் ஷிப்டுக்கு நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இப்ப இன்னொரு சாவி அடிச்சிட்டாங்கடி. ரத்னம்மாக்கா மாட்டுக் கொட்டாய்லயே மாட்டி வெச்சிருக்கு. அந்தக்காவுக்கு ஜெனரல் ஷிப்டாம்."

நீங்கள் போகும்போது அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சாவி எதையும் திறக்காது. ஆனால் ஊரில் எங்கே புகை தெரிந்தாலும், அதை வைத்திருப்பவர்தான் முதலில் ஓடிவருவார்.