பளிங்கக்கா கழுவிய பாசி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற அக்காவுக்குப் பளிங்கக்கா என்று பெயர் வைத்தது நான்தான். பத்தொன்பது வருஷத்தில் அவர் கழுவிய குடுவையில் ஒரு கறையை யாரும் கண்டதில்லை. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே வைப்பார். வீட்டிலும் இதே கூத்துதான். "காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள டம்ளரப் பிடுங்கிடறா" என்று பஸ் ஓட்டுகிற அவர் கணவர் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

நான் ஸ்டோர்காரன். பாத்திரம் உடைந்தால் பதிவேட்டில் 'உடைந்தது' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவேன். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கொஞ்சம் என்பது நான் சொல்வது.

மாடியில் ஆராய்ச்சி செய்கிற பெண், இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஏரியிலிருந்து நூல்பாசி கொண்டுவந்து பன்னிரண்டு குடுவைகளில் வளர்த்தாள். பிறகு அந்த ஏரியை மண் கொட்டி மூடிவிட்டார்கள். இனி அந்தப் பாசி வேண்டுமென்றால் இந்தக் குடுவைகள்தான். போன மாதம் பத்து நாள் வெளியூர் கிளம்பும்போது, "அக்கா, தண்ணி மட்டும் ஒரு தடவ மாத்திடுங்க, போதும்" என்றாள்.

தண்ணீர் மட்டும் மாற்ற அக்காவுக்குத் தெரியாதே! இழைகள் மேல் பழுப்பாக, வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. பாவம், பிள்ளை கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். இழை இழையாக எடுத்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் நான்கு முறை அலசி, கொதிக்கவைத்த புதுக் குடுவைகளில் விட்டார். இரண்டு நாள் வேலை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பச்சைப் பசேலென்று இருந்தது. நானும் பெரிய மனுஷன் மாதிரி சபாஷ் சொன்னேன்.

ஐந்தாம் நாள் பாசி வெளுத்தது. எட்டாம் நாள் அடியில் படுத்துவிட்டது. ஊரிலிருந்து வந்தவள் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. கழுவினேன்."

"அது அழுக்கில்லக்கா! கண்ணுக்குத் தெரியாத உயிருங்க, லட்சக்கணக்குல பாசி மேல குடியிருக்குங்க. பாசி அதுங்களுக்குச் சாப்பாடு போடுது, அதுங்க பாசிக்கு வைட்டமின் குடுக்குது. நான் படிக்கறதே அதுங்களப் பத்திதான்."

அக்கா நேராக என் மேஜைக்கு வந்தார். "தம்பி, அப்ப அழுக்குன்னா எது?"

"கழுவினா போறது அழுக்கு" என்றேன்.

"அதுங்களும் கழுவினா போயிடுச்சே?"

எனக்கே தலை சுற்றியது. மறுநாள் முழுக்க அக்கா ஒரே குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு, பிரஷ்ஷை உள்ளே விடுவதா வேண்டாமா என்று நின்றார். "வீட்ல பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்கு, அங்க என்னப்பா நடக்குது?" என்று கணவர் போன் செய்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மூன்றாம் நாள் அந்தப் பெண் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டத் தொடங்கினாள். அக்கா விறுவிறுவென்று போய், உலர்த்தும் தட்டை நகர்த்தி, ஜன்னலோரத்திலிருந்து ஒரு ஜாடியை எடுத்து வந்தார். உள்ளே பச்சையும் பழுப்புமாக ஒரே கொழகொழப்பு. நாற்றம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் 'உடைந்தது' என்று நான் எழுதிய ஜாடி அது!

"உடையல தம்பி. ஏரித் தண்ணி வந்த ஜாடி. கழுத்து குறுகலா இருக்கா, பிரஷ் போகல. ஊறட்டும்னு வெச்சேன், வளந்துடுச்சு. பளிங்கக்காகிட்ட இப்படி ஒண்ணான்னு சிரிப்பீங்களேன்னு பொய் சொல்லிட்டேன்."

எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

அந்தப் பெண் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பார்த்தவள், "அதே பாசி! அதுங்களும் உசிரோட இருக்கு!" என்று கத்தியே விட்டாள். பிறகு அக்காவை இழுத்துவந்து நிறுத்தினாள். அக்கா வழக்கம்போல ஒற்றைக் கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தன பேரா!"

நான் பதிவேட்டைத் திறந்து 'உடைந்தது' என்பதை அடித்தேன். பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'அழுக்கு' என்று எழுதப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி எழுதாதீங்க தம்பி. ஆள் இருக்காங்கன்னு எழுதுங்க."

அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.