ஐஸிலை பழி போடுறவன்

வீடு நேரா நிக்கிற ஆக்கள் ஒருத்தரும் கூப்பிடாத தொழில் எங்கடை. கதவு இறுகினால், சுவர் வெடிச்சால், மேசையிலை வைச்ச தோடம்பழம் தன்ரை பாட்டிலை உருண்டு குசினிக்குப் போனால், அப்பதான் எங்களுக்கு ஃபோன் வரும். மூலை இறங்கின வீட்டுக்குக் கீழை இரும்புக் குழாய் இறக்கி முண்டு குடுக்கிறது வேலை. முதலாளி லூக் மெஷின் பிடிப்பார். நான் முதல்லை போய் வீட்டைப் பாத்து, ஏன் இப்பிடி வந்தது எண்டு சனத்துக்கு விளங்கப்படுத்திற ஆள். மொன்றியலிலை பேஸ்மென்ற் வைச்சிருக்கிற எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்தான். உங்கடை சுவரிலையும் ஒரு கோடு ஓடுது, அதுக்கு மேலை காலண்டரைக் கொழுவி வைச்சிருக்கிறியள். எனக்குத் தெரியும்.

நான் சொல்லப்போறது போன வருசம் செயின்ட்-மிஷேலிலை வசந்தி அக்கா வீட்டு விசயம். அவ பேஸ்மென்றுக்கு மேல்தட்டிலை ஆறு சின்னப் பிள்ளையளைப் பகலிலை வைச்சுப் பாக்கிற கார்டெரி நடத்திறவ. வீட்டின்ரை பின்மூலை இறங்கி, பின்கதவு அசையாமல் இறுகிப்போச்சு. நெருப்பு கிருப்பு பிடிச்சால் பிள்ளையளை வெளியிலை எடுக்கிற கதவு அது. ஒக்டோபரிலை கார்டெரியைப் பரிசோதிக்க ஒரு அம்மா வருவா. அண்டைக்கு அந்தக் கதவு திறக்காட்டி கார்டெரியை மூடவேண்டியதுதான்.

சோபாவிலை இருந்தவர்

எங்கடை ஆக்களுக்குப் படம் கீறிக் காட்டினால் கொட்டாவி விடுவினம். நான் நடிச்சுத்தான் காட்டுறனான். வசந்தி அக்கா வீட்டுச் சோபாவிலை தொப்பெண்டு இருந்தன். "இப்ப நான்தான் ஒரு காலத்திலை இந்த ஊரை மூடிக் கிடந்த ஐஸ். ரெண்டு கிலோமீற்றருக்கு மேலை உயரம். உங்கடை வீட்டுக்கு வந்த விருந்தாளி, ஆனா எழும்பிப் போறேல்லை. ஆயிரக்கணக்கான வருசம் இருக்கிறன். சோபா பள்ளமாப் போச்சு. சூடு வரத் தொடங்க, மெள்ள மெள்ள வடக்குப் பக்கமா எழும்பிப் போறன்." முழங்காலைப் பிடிச்சு, முக்கி, எழும்பி, வாசல் மட்டும் போனன். "நான் போயிட்டன், ஆனா பள்ளம் உடனை நிமிருமோ? கடல் உள்ளுக்கு வந்திட்டுது. இந்த ரோட்டிலை ஒருக்கால் திமிங்கிலம் நீந்தினது. பேந்து நிலம் மெள்ள நிமிர, கடல் வடிஞ்சு போச்சு. களிமண் மட்டும் மிஞ்சினது. அதுக்கு மேலைதான் உங்கடை வீடு. வெயிலுக்கு அந்தக் களி காய்ஞ்சு சுருங்குது, பின்வளவிலை நிக்கிற மேப்பிள் மரம் மிச்சத் தண்ணியையும் குடிக்குது, மூலை இறங்குது."

வசந்தி அக்கா சிரிச்சா. அவவின்ரை மனுசன் பேரின்பம் அண்ணை ஸ்கூல் பஸ் ஓட்டுறவர். கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டவர், ஆறுதலாச் சொன்னார்: "தம்பி, வீட்டை வித்தவனைக் கேட்டன், அவன் கட்டினவனிலை பழி போட்டான். நீர் அவனையும் தாண்டிப் போய் ஐஸிலை போடுறீர்."

பென்சில் கோடு

வெடிப்பைக் கண்ட உடனை நாங்கள் கிண்டத் தொடங்கிறேல்லை. அது இன்னும் ஓடுதோ, ஓடி முடிஞ்சுதோ எண்டு பாக்கவேணும். வெடிப்பின்ரை ரெண்டு நுனியிலையும் பென்சிலாலை குறுக்கை ஒரு கோடு, பக்கத்திலை திகதி. ஒரு மாசத்தாலை போய்ப் பாத்தால் வெடிப்பு கோட்டைத் தாண்டினதோ எண்டு தெரியும். சின்ன வேலைதான், ஆனா அதுதான் எங்கடை சாட்சி.

மாசம் கழிச்சுப் போறன், சுவர் பளபளக்குது. கோடும் இல்லை, திகதியும் இல்லை. ஆர் துடைச்சது எண்டு கேட்டன். பிள்ளையள் கிறுக்கினது எண்டு நினைச்சு வசந்தி அக்கா நாலு பேரைக் கூப்பிட்டு விசாரிச்சு, ஒரு பெட்டையைச் சுவரைப் பாத்து நிக்கவும் வைச்சு, கடைசியிலை தானே சவுக்காரம் போட்டுத் தேச்சவவாம். அது நான் கீறினது எண்டு சொன்னன். அவ அந்தப் பெட்டையிட்டைப் போய் மன்னிப்புக் கேட்டிட்டு வந்து எனக்குச் சொன்னா: "மதி, நீர் ஒரு வளந்த ஆள் எழுதுற மாதிரி எழுதியிருந்தால் நான் ஏன் துடைக்கிறன்?"

நாலு பாத்தி

இந்தமுறை ஆணியாலை கீறினன். மூண்டு கிழமையிலை வெடிப்பு கோட்டைத் தாண்டி விரலளவு போயிட்டுது. ஓகஸ்ட், மழையே இல்லை. லூக் வரும்வரைக்கும் மண் இன்னும் காயக்கூடாது எண்டு, "சுவரோரமாக் கொஞ்சம் தண்ணி விடுங்கோ அண்ணை" எண்டு பேரின்பம் அண்ணைக்குச் சொல்லிவிட்டன். நான் நினைச்சது, ஹோஸை மெல்லிசாத் திறந்து துளித்துளியா ஊறவிடுறது.

அடுத்த கிழமை ஃபோன் வந்து ஓடினன். சுவரோரமா நாலு பாத்தி. வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, மண்வெட்டியாலை மடை மாறி மாறி, வாழைக்கு இறைக்கிற மாதிரி அண்ணை இறைச்சிருக்கிறார். ரெண்டு பாத்தியிலை கத்தரிக் கண்டும் நிக்குது. பின்கதவு அரை அங்குலம் இளகினது உண்மைதான், ஆனா தண்ணி முழுக்க வெடிப்பாலை இறங்கி பேஸ்மென்ற் குளமாக் கிடக்குது. சூட்கேஸ் ஒண்டு மிதக்குது. நான் தலையிலை கையை வைச்சன். அண்ணை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தண்ணி விடச் சொன்னனீர், விட்டன். கோப்பையாலை விடுறதெண்டால் அதை முதலே சொல்லியிருக்கவேணும்."

ரெண்டு கிழமை

லூக்கிட்டை எப்ப வருவியள் எண்டு எந்த வீட்டு அம்மா கேட்டாலும் ஒரே பதில்தான்: "ரெண்டு கிழமை, மதாம்." செப்டெம்பர் முடியப்போகுது. கார்டெரி பரிசோதனைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அவரின்ரை வேலைப் புத்தகத்திலை வசந்தி அக்காவின்ரை பேர் நவம்பரிலை நிக்குது. லொங்குய்யிலை ஒரு வீட்டிலை வேலை, சாப்பாட்டு நேரம். கூட வேலை செய்யிற ரெண்டு பேருக்கு நான் லூக்கைச் செய்து காட்டிக்கொண்டு இருந்தன். காற்சட்டையை மேலை இழுக்கிறது, மூக்கை ஒருக்கால் உறிஞ்சிறது, வானத்தைப் பாக்கிறது, பேந்து, "ரெண்டு கிழமை, மதாம். பிள்ளையள் விழுந்தாலும் ரெண்டு கிழமை. வீடு விழுந்தாலும் ரெண்டு கிழமை."

ரெண்டு பேரும் சிரிக்கேல்லை. எனக்கு எங்கை சிரிப்பு வரும் எண்டு தெரியும், அந்த இடத்திலை வராட்டி ஏதோ பிழை. திரும்பினன். லூக் காற்சட்டையை மேலை இழுத்துக்கொண்டு நிக்கிறார். மூக்கை உறிஞ்சினார், வானத்தைப் பாத்தார். இருந்து சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடிச்சார். பேந்து கடுதாசியைக் கசக்கி எறிஞ்சுபோட்டு என்ரை முகத்தைப் பாக்காமல் சொன்னார்: "வாற கிழமை சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உனக்கு லீவு இல்லை. உன்ரை மதாமுக்குச் சொல்லு, வாறம் எண்டு."

வடக்காலை வந்த கல்லு

பரிசோதனை திங்கட்கிழமை. சனிக்கிழமை மூலையிலை ரெண்டு குழாய் இறக்கினம், ரெண்டும் களியைத் தாண்டி ஆழத்துக்குப் போய்ப் பாறையிலை நல்லா இருந்தது. ஞாயிறு மத்தியானம் மூண்டாவது குழாய் அந்த ஆழத்திலை அரைவாசி கூடப் போகேல்லை, நிண்டிட்டுது. மெஷின் முக்குது, குழாய் அசையேல்லை. லூக் கையைத் துடைச்சார். "பாறை. முடிஞ்சுது. தூக்குவம்."

எனக்கு மனம் கேக்கேல்லை. ஐஸ் சும்மா போகேல்லை. வடக்கிலை இருந்து இழுத்துக்கொண்டு வந்த பெரிய பெரிய கல்லுகளை போற வழியெல்லாம் போட்டிட்டுத்தான் போனது. இது அப்பிடி ஒண்டெண்டால், அதுக்கு மேலை வீட்டைத் தூக்கி வைச்சால் கல்லோடை சேந்து வீடும் சரியும். சுத்தியலை எடுத்துக் குழாய்த் தலையிலை தட்டினன். "லூக், நேற்றைக்குப் பாறை சொன்னது இது," எண்டு வாயாலை செய்து காட்டினன்: டிங், நீட்டா, வால் வைச்ச சத்தம். "இண்டைக்கு இது சொல்லுறது: டொக். வயிறு நிறைஞ்ச ஆள் கதவைத் தட்டுற மாதிரி. இது பாறை இல்லை." லூக் தானும் தட்டினார். என்னை இன்னொருக்கால் டிங் செய்யச் சொன்னார். பேந்து ரெண்டடி தள்ளி, திரும்பக் கிண்டத் தொடங்கினம். பொழுது படேக்கை குழாய் மற்ற ரெண்டின்ரை ஆழத்துக்கும் போய், தட்டினால் டிங் எண்டுது. வீடு தூக்கிற ஜக்கை வைச்சு மூலையை மயிரிழை மயிரிழையாத் தூக்கினம். பேரின்பம் அண்ணை கதவுக்குப் பக்கத்திலை மூச்சு விடாமல் நிண்டார். கதவு தானா ஒரு கீச்சுச் சத்தம் போட்டு இளகினது. லூக் மெஷினை நிப்பாட்டிப்போட்டு என்ரை தோளிலை தட்டினார்: "என்னை மாதிரிக் கதைக்கிறதை விடு. கல்லு மாதிரிக் கதை, சம்பளம் அதுக்குத்தான்."

ஒரு விரல்

திங்கள் காலமை நான் மிச்ச மண்ணை அள்ள எண்டு சாட்டுச் சொல்லிப் போனனான். உண்மை, கதவைப் பாக்கத்தான். பரிசோதனைக்கார அம்மா சப்பாத்துக்கு மேலை பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டு உள்ளுக்கு வந்தா. கட்டில் பாத்தா, மருந்துப் பெட்டி பாத்தா, பிள்ளையளின்ரை கப்புகளை எண்ணினா. வசந்தி அக்கா அவவுக்குப் பின்னாலை ஒவ்வொரு அடியும் வைக்கேக்கை என்ரை முகத்தைப் பாக்கிறா. கடைசியிலை பின்கதவு. அந்த அம்மா ஒரு விரலாலைதான் தள்ளினா. கதவு பட்டுச் சீலை மாதிரி வழுக்கிக்கொண்டு திறந்து, வெளிச்சம் உள்ளுக்கு வந்தது. அதோடை ரெண்டு பிள்ளையள் அவவின்ரை காலுக்குள்ளாலை வெளியிலை ஓடிட்டுதுகள்.

பிடிச்சுக்கொண்டு வந்து விட்டம். அம்மா தாளிலை சரி எண்டு கீறினா, பேந்து பேனையைத் திறந்தபடியே பிரெஞ்சிலை சொன்னா, "கார்டெரி நடக்கலாம், மதாம். ஆனா இந்தக் கதவு அளவுக்கு மிஞ்சிச் சுகமாத் திறக்குது. பிள்ளையளுக்கு எட்டாத உயரத்திலை ஒரு கொண்டி போடவேணும்." அவ போன உடனை வசந்தி அக்கா கதிரையிலை இருந்து, கண்ணைத் துடைச்சு, என்னைப் பாத்தா: "கேட்டீரோ தம்பி? திறக்காட்டியும் குற்றம், திறந்தாலும் குற்றம். வாரும், ஒரு கொண்டியைப் பூட்டிப்போட்டுச் சாப்பிட்டிட்டுப் போம்."

ஒரு கதவைத் திறக்க ஒரு கோடை முழுக்க நிலத்தோடை மல்லுக்கட்டி, திறந்த கையோடை அதுக்குப் பூட்டும் போட்டுக் குடுக்கிறதுதான் எங்கடை தொழில்.