அக்கரையில் கட்டிய சேலை

பிற்பகல் மூன்றரை மணிக்கு எல்லாம் தவறத் தொடங்கியது. விழுப்புரத்திலிருந்து வரும் ரயில் வில்லியனூர் நிலையத்தில் கூவிய நேரம் அது. அந்தச் சத்தத்துக்கு நடுவே என் மகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "போலாமா சித்தி?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அவள் சித்தி என்று அழைத்தது என் தங்கையை அல்ல. எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அது ஸ்டேஷனில் வேலை பார்ப்பவரின் மனைவி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள், என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். வந்த கொஞ்ச நாளிலேயே ஊரில் பாதிப் பேருக்கு அக்காவாகவும் என் மகளுக்குச் சித்தியாகவும் ஆகிவிட்டாள்.

எங்கள் பங்குக் கோவிலில் கிறிஸ்தவப் பெண்களுக்கு மாதா சபை ஒன்று இருந்தது. வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர்தான். அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய ஊர்களோ பல. சாகக் கிடப்பவர் வீட்டுக்கு அவர் குதிரை வண்டியில் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் உயிர் போய்விடும். அதனால் நாங்கள் போவோம். தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபமாலையை உருட்டி ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்லி, மூச்சு அடங்கும்வரை பக்கத்தில் இருப்போம். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்பதால் சாமியார் அந்தச் சபையை என்னிடம் ஒப்படைத்திருந்தார். யார் எந்த வீட்டுக்குப் போவது, யார் முழு இரவும் தங்குவது, எல்லாவற்றையும் நான்தான் சொல்வேன். ஜெபத்தை நான் முன்னால் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வார்கள். வருடக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுத்துவிட்டேன். அந்த மாதத்தில் ஸ்டேஷன்காரி சபையை நடத்தினாள். நான் எழுந்து வந்தபோது ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக வரும் ஐந்து பத்துகளையும் ஐந்து பெண்களுக்குப் பங்கு போட்டிருந்தாள். ஆளுக்கொரு பத்து. எழுத்தறியாத ஒரு விதவைக் கிழவிக்குக்கூட ஒன்று. அந்தக் கிழவிக்குப் பத்தோடு நிறுத்தத் தெரியாது. பன்னிரண்டு, பதின்மூன்று என்று போய்க்கொண்டே இருப்பாள். நான் அதைச் சொன்னபோது கிழவி சிரித்தாள்.

"மாதாவுக்கு ரெண்டு கூடப் போனா கசக்கவா போவுது? நீ சொல்லச்சொல்ல நாங்க ஆமென் போட்டுக்கினே தூங்கிடுவோம் தாயி. இப்போ என் முறை எப்ப வரும்னு முழிச்சிக்கினு கெடக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டேஷன்காரி மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் தமிழில், "உன் பாரம் குறைந்தது. நன்று, நன்று. இருவரும் சேர்ந்து செய்யுங்கள்" என்றார். பாரம் என்று நான் அதை ஒருநாளும் நினைத்ததில்லை.

மூன்றாவது பத்து என் மகளுக்கு. வீட்டில் நாலு முறை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்லும் பெண். பதினேழு வயது, வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சாவு வீட்டில் நின்று, நடுங்காமல், அவ்வளவு தெளிவாக ஜெபம் சொல்வாள் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி வேலி ஓரம் நின்று சொன்னாள்:

"உன் பொண்ணு கொரலு ரயில்வே கேட்டு வரிக்கும் கேக்குதுக்கா! வூட்டுல இன்னா, நீ பேச உடமாட்டியா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். பெற்று, பாலூட்டி, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் விழித்திருந்தவள் நான். அவள் வாயைத் திறந்துவிட்டவளோ நேற்று வந்தவள். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். ஆற்றுக்கு அக்கரையில் சில கிறிஸ்தவ வீடுகள் உண்டு. அங்கே ஒரு பெரியவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று ஆள் வந்தது. ஸ்டேஷன்காரி எங்கள் வாசலில் வந்து நின்றாள். கூடவே அந்தக் கிழவியும் இன்னும் இரண்டு பெண்களும்.

"உங்களுக்குக் கால் வீங்கியிருக்கே அக்கா. ஆத்து மணல்ல நடக்க முடியாது. நீங்க இருங்க, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்றாள்.

என் காலைப் பற்றி முடிவெடுக்க இவள் யார் என்று எனக்குள் கொதித்தது. அதற்குள் ரயில் கூவிற்று. மகள் அந்தக் கேள்வியைக் கேட்டு, படியிறங்கிவிட்டாள்.

"இருட்டறதுக்கு முன்ன வந்துடணும்" என்று நான் கத்தியது மகளுக்குக் கேட்டதா தெரியவில்லை. ஸ்டேஷன்காரிதான் திரும்பிக் கையசைத்தாள்.

எங்கள் ஊரில் அன்று மழையே இல்லை. வானம் மேற்கே மட்டும் கறுத்திருந்தது. செஞ்சிப் பக்கம் கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு வந்துவிடும். அவர்கள் போகும்போது முழங்காலுக்குக் கீழே இருந்த தண்ணீர், விளக்கேற்றும் நேரத்தில் இரண்டு கரையையும் தொட்டு ஓடியது. என் கணவர் ஆற்றங்கரைக்குப் போய்விட்டு இடுப்புவரை சேறோடு திரும்பி வந்தார்.

"அக்கரையில யாரயும் காணல. அங்கயே தங்கியிருப்பாங்க" என்றார்.

"எறங்கியிருந்தா?"

அவர் வாசலுக்குப் போய்க் காலைக் கழுவினார். போனவர்களின் வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் வந்து கூடினார்கள். யாரோ ஒருத்தி, "அந்த அக்கா கூட இருக்குது, பயப்படாதீங்க" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பெற்றவள் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது அவள் பெயர்.

விடிந்ததும் கோவில் மணி அடித்தது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரையிலிருந்து ஆள் வர முடியாது. அங்கே சாவு விழுந்தால் கரையில் மூங்கில் நட்டுத் துணி கட்டுவார்கள். ஆண் என்றால் வேட்டி, பெண் என்றால் சேலை. அதைப் பார்த்துக் கோவில்பிள்ளை துக்க மணி அடிப்பார். பெண்ணுக்கு அடிக்கும் மணி வேறு மாதிரி இருக்கும். சின்னக் குழந்தைக்கும் இங்கே அந்த வேறுபாடு தெரியும்.

அடித்தது பெண்ணுக்கான மணி. சாகக் கிடந்தவரோ ஆண்.

வீட்டில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். போன ஐந்து பெண்களின் வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் கூரையைப் பார்த்தோம். என் கணவர் மறுபடியும் ஓடினார். திரும்பி வந்து, "சேலதான்" என்று மட்டும் சொன்னார்.

"இன்னா நெறம்?"

"நனஞ்சிக் கெடக்குது. தூரத்துக்கு எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது."

என் மகள் அன்று உடுத்தியது மாம்பழ நிறச் சேலை. நனைந்தால் அதுவும் கறுத்துத்தான் போகும். நான் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன். ஆனால் ஜெபம் வரவில்லை. வந்தது ஒரே நினைப்பு: அது அவள் சேலையாக இருக்கட்டும். கிழவியுடையதோ மற்ற இருவருடையதோ என்றுகூடக் கேட்கவில்லை. ஸ்டேஷன்காரியின் சேலையாக இருக்கட்டும். அப்படி ஒரு நினைப்பு எனக்குள் அவ்வளவு தெளிவாக, சொல் சொல்லாக வந்தது.

வெயில் ஏறியது. யாரும் அடுப்பு மூட்டவில்லை. கோவில்பிள்ளை வந்து, யார் பெயருக்குக் குழி வெட்டச் சொல்வது என்று கேட்க முடியாமல் வாசலிலேயே துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருப்பதாகவும், மீன் பிடிக்கிறவர் ஒருவர் தோணியை விட்டிருப்பதாகவும் தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள். யாரையாவது ஏற்றி வருகிறாரா என்று கேட்கக்கூட எனக்கு எழுந்து போகத் துணிவில்லை.

அப்போது படலைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். உடம்பில் பழைய நூல்சேலை, யாரோ கொடுத்தது, கணுக்கால்வரைகூட எட்டவில்லை. காலெல்லாம் சேறு. ஸ்டேஷன்காரி. தனியாக வந்திருந்தாள்.

நான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடிவந்து என் எதிரே தரையில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"எல்லாரும் உசிரோட இருக்காங்க அக்கா. பெரியவரும் இன்னும் இருக்காரு, உங்க பொண்ணு பக்கத்துல ஒக்காந்து ஜெபம் சொல்லிக்கிட்டிருக்கா. சேல கட்டினா சாவுன்னு அர்த்தம்னு எனக்குத் தெரியாது அக்கா. நாங்க பத்திரமா இருக்கோம்னு உங்களுக்குத் தெரியட்டும்னுதான், அவங்க ஜெபத்துல இருக்கறப்ப நான் மாத்துத்துணி வாங்கிக் கட்டிக்கிட்டு என் சேலயக் கொம்புல கட்டினேன். மணி அடிச்சதும் உங்க பொண்ணு ஓடியாந்து, 'என்ன சித்தி செஞ்சி வச்சீங்க, எங்கம்மா செத்துருவாங்க'ன்னு அழுதா. மொத தோணியில என்ன ஏத்தி அனுப்பிச்சதும் அவதான்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள்:

"நேத்து சாயங்காலம், கையக் கோத்துக்கிட்டு ஆத்துல எறங்கிடலாம்னு நான்தான் சொன்னேன். உங்க பொண்ணு வேணாம்னு குறுக்க நின்னா. அவ பேச்சக் கேட்டோம், அதனாலதான் இன்னிக்கு எல்லாரும் இருக்கோம். சேல கட்டுனது ஒண்ணுதான் அக்கா, அவளக் கேக்காம செஞ்சேன்."